வீடு மட்டும் போதுமா?

பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஆயினும், திரும்பிச் செல்ல ஊர் இருக்கிறது என்கிற ஆறுதல் நமக்கு உண்டு. ஒடிசா மாநிலம், கேந்திரபாடா மாவட்டத்துச் சதபாயா மக்களுக்கு அதுவும் இல்லை. ஏழு கிராமங்களாயிருந்த அவ்விடத்தின் பெரும்பகுதியை, வயலும் வீடுமாகக் கடல் விழுங்கிவிட்டது.

ஆறுகள் கொண்டுவரும் மணலும் வண்டலுமே கரையைக் காக்கின்றன. அணைகள் அவற்றைத் தடுத்துவிட்டால், உயர்ந்துவரும் கடலும் புயலும் அரித்ததை ஈடுசெய்ய வழியில்லை.

2018-இல் அரசு 571 குடும்பங்களை உள்நிலத்திலுள்ள பாகபதியாவில் குடியமர்த்தியது. குடும்பத்துக்கு 10 சென்ட் மனையும், வீடு கட்டப் பண உதவியும் கிடைத்தன. கடலின் வாய்க்குத் தப்பினது பெரிய காரியமே. ஆனால் உழுவதற்கு நிலம் இல்லை. மீன்பிடிக்கக் கடலும் அருகில் இல்லை. ஆகவே ஆண்கள் அநேகர் கேரளம் முதலிய மாநிலங்களுக்குக் கூலிவேலை தேடிச் சென்றனர். புதிய ஊரில் பெண்களும் முதியோரும் பிள்ளைகளுமே மிகுதியாய்த் தங்கினர்.

சிந்தித்துப் பாருங்கள். கூரையைக் கொடுத்துப் பிழைப்பைக் கொடாதிருந்தால், ஊர் இரண்டாம் முறையும் கலைந்துபோகும். ஆகையால் இடம்பெயருமுன்னரே நிலம், தொழில், குடிநீர், பள்ளி ஆகிய நான்கையும் அம்மக்களோடு அமர்ந்து திட்டமிடவேண்டும். கடற்கரையில் உங்கள் உறவினர் இருப்பார்களானால், கிராமசபையில் இக்கேள்விகளை இப்போதே எழுப்பச் சொல்லுங்கள். வீடு ஒரு வருஷத்தில் எழும்பும். ஊர் எழும்ப வேலை வேண்டும்.