கழியும் கடலும்: பாசிர் ரிஸ் கரையில் நீராடுவோர் அறியத்தக்கவை

சிங்கப்பூரின் வடகிழக்கே பாசிர் ரிஸ் கரையில் நின்று நோக்குவார்க்கு எதிரே தோன்றுவது பெருங்கடல் அன்று. உபின் தீவின் பசுமையே ஆகும். இடையே கிடப்பது ஜொகூர் நீரிணை. கடல் என்றும் கழி என்றும் வேறு பிரித்துப் பெயரிட்ட நம் முன்னோர் இந்நீரைக் கண்டிருப்பின் கழி என்றே அழைத்திருப்பர். அலை எழாத இவ்விடத்தில் என்ன தீங்கு நேரும் என, மாணவரை அழைத்து வரும் ஆசிரியரும் எண்ணுவதுண்டு. தீங்கு அலையில் இல்லை, ஓதத்தில் இருக்கிறது.

இங்கே கடல் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. வெள்ளுவா, காருவா நாட்களை ஒட்டி, ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 3 மீட்டர் வரை செல்லும். ஏற்றம் முடிய 6 மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். ஆயின் நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று, பின்னர் இரண்டு, இறுதியில் ஒன்று என்பது மாலுமிகளின் வாய்பாடு. அதன்படி நடுவிலுள்ள 2 மணி நேரத்தில் மட்டும் நீர் 1.5 மீட்டர் உயர்ந்துவிடும். பத்து வயதுச் சிறுவனை மூழ்கடிக்க அது போதும். (பின்னக் கணக்கு நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.)

அவ்வேளையில் ஓட்டமும் கடுமையாயிருக்கும். அது கரையை ஒட்டிப் பக்கவாட்டில் இழுக்கும். இறங்கிய இடத்திற்கே திரும்ப முயல்வோர் எதிர்நீச்சலில் களைத்துவிடுவர். நேரே கரையை நோக்கி நீந்தி, ஒதுங்கிய இடத்தில் ஏறி, நடந்து வருதலே முறை.

திறந்த கடலில் இம்முறை செல்லாது. ஜொகூரின் கிழக்கே தெசாருவிலும் சென்னை மெரினாவிலும் அலைகள் கரையில் குவிக்கும் நீர், மணல் திட்டுகளின் இடைவெளி வழியே குறுகிய ஓட்டமாகக் கடலுக்குத் திரும்புகிறது. சில வேளை அதன் விரைவு நொடிக்கு 2 மீட்டரையும் கடக்கும். ஒலிம்பிக் வீரரும் அதனை எதிர்த்து வெல்லல் அரிது. அது நீருக்கடியில் அமிழ்த்துவதில்லை. வெளியே கொண்டு செல்கிறது, அவ்வளவே. அங்கே நேரே கரை நோக்கி நீந்துவோரே மாள்கின்றனர். மிதந்து மூச்சைக் காத்து, கரைக்கு இணையாக நீந்தி, அவ்வோட்டத்தினின்று விலகிய பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். பாசிர் ரிஸில் பழகிய பிள்ளை மெரினாவில் இறங்குமுன் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

கழிக்குத் தனிக் குறை ஒன்றும் உண்டு. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் நீரிணையை இரு கூறாக்கியதால், ஒரு முனையில் புகுந்த நீர் மறுமுனையில் வெளியேற வழியில்லை. அழுக்கு எளிதில் நீங்காது. 100 மில்லி லிட்டர் நீரில் எண்டரோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர் 200-க்கு மேற்படலாகாது. எடுத்த மாதிரிகளில் நூற்றுக்கு 95-ஆவது அவ்வாறு இருத்தல் வேண்டும் என்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அளவுகோல். பாசிர் ரிஸ் பல ஆண்டுகள் இதனை எட்டவில்லை. பெருமழை வடிகால்களைக் கழுவிக் கொண்டு வந்த மறுநாள் அங்கே நீராடாதிருப்பதே நன்று. வாரியம் வெளியிடும் கரைத் தரத்தையும் அன்றைய ஓத அட்டவணையையும், பிள்ளைகளுக்குக் கட்டுச்சோறு கட்டுமுன்னரே பார்த்துவிடலாம்.