சுழன்று வரும் தலைமை

'தலைவன்' என்னுஞ் சொல் 'தலை' என்னும் உறுப்பின் பெயரினின்றும் பிறந்ததென்பதைக் கீழ்வகுப்பு மாணவரும் அறிவர். பசிபிக் மாசமுத்திரத்தின் நடுவே, தமிழுக்கு எவ்வித உறவுமில்லாத ஒரு மொழியிலும் இவ்வழக்கு உண்டு. ஆங்கு 'உலு' என்றால் தலை. நாட்டின் அரசாங்கத் தலைவருக்கும் 'உலு' என்பதே பெயர். அந்நாடு டோக்கெலாவ். அத்தலைமையின் இயல்பை ஆராய்வது, சங்கங்களிலும் சபைகளிலும் தலைமை தாங்கும் பழைய மாணவர்க்கும், நாளை தாங்கவிருக்கும் மாணவர்க்கும் பயன்தருமென எண்ணி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சமோவாவுக்கு வடக்கே ஏறக்குறைய 500 கிலோமீற்றர் தொலைவில் அட்டாபு, நுக்குனோனு, பக்காவோபோ என மூன்று பவளத் தீவுகள் உள. மூன்றின் நிலப்பரப்பையும் கூட்டினும் பன்னிரண்டு சதுர கிலோமீற்றருக்கு மேற்படாது. குடிமக்கள் சுமார் 1,500 பேர். விமான நிலையம் இல்லை. சமோவாவின் அப்பியாத் துறைமுகத்திலிருந்து ஒரு நாளுக்கு மேலாகக் கப்பலிற் செல்லல் வேண்டும். 1889ஆம் ஆண்டிற் பிரித்தானியரின் பாதுகாப்புக்குள் வந்த இத்தீவுகள், 1949ஆம் ஆண்டு தைத்திங்கள் முதலாந் தேதி தொடக்கம் நியூசிலாந்தின் பகுதியாயின. மக்கள் நியூசிலாந்துக் குடியுரிமை உடையவர்கள்.

இத்தீவுகளின் ஆட்சிமுறை யாது? ஒவ்வோர் ஊரிலும் மூத்தோரும் குடும்பத் தலைவரும் அமரும் 'தௌபுலேங்கா' என்னும் ஊர்ச்சபை உண்டு. மூன்றாண்டுக்கொருமுறை ஒவ்வோர் ஊராரும் வாக்களித்து இருவரைத் தெரிவர். ஒருவர் 'பைப்புலே', அவர் தம் தீவின் தலைவராய் வெளிவிடயங்களிற் பிரதிநிதியாவர். மற்றவர் 'புலேனுக்கு', அவர் ஊர்க்காரியங்களை மேற்பார்ப்பவர். மூன்று பைப்புலேக்களும் மூன்று புலேனுக்குக்களும் சேர்ந்த அறுவர் குழுவே நம்நாட்டு மந்திரிசபை போன்றது. சட்டமியற்றுவது 'போனோ' எனப்படும் பொதுச்சபை.

இனி 'உலு' எவ்வாறு தெரியப்படுகிறார்? இங்கேதான் புதுமை உளது. அவரைத் தெரிவதற்கெனத் தனித்தேர்தல் இல்லை. மூன்று பைப்புலேக்களும் ஆண்டுக்கொருவராக மாறிமாறி அப்பதவியை ஏற்பர். பதவிக்காலம் மூன்றாண்டு, தீவுகள் மூன்று, எனவே ஒவ்வொரு தீவுக்கும் ஓராண்டு உரியதாகின்றது. நிலையான தலைநகரும் இல்லை. உலு எத்தீவினரோ அத்தீவே அவ்வாண்டிற்குத் தலைமையிடம்.

இவ்வேற்பாட்டின் காரணத்தை அறிய வேண்டின், அம்மக்களின் பழைய வரலாற்றையும் வாழ்க்கையையும் நோக்கல் வேண்டும். ஐரோப்பியர் வருமுன்னர் பக்காவோபோ மற்றைய தீவுகளை வென்று அடக்கியாண்டது. பின்வந்த காலத்தில் அட்டாபு புரட்டஸ்தாந்த சமயத்தையும், நுக்குனோனு கத்தோலிக்க சமயத்தையும் தழுவின. பக்காவோபோவில் இரு சமயத்தாரும் வாழ்கின்றனர். இவ்வாறு வேறுபட்ட மூன்று ஊர்களுள் ஒன்று என்றும் தலையாயின், மற்றைய இரண்டும் மனங்கசத்தல் இயல்பு. மேலும், அம்மக்களிடையே 'இனாத்தி' என்றொரு வழக்கம் உண்டு. ஊரவர் கூடிப் பிடித்த மீனைக் கரையிலே குவித்து, குடும்பந்தோறும் ஆளெண்ணிப் பங்கிடுவர். மீன்பிடிக்கச் செல்ல இயலாத முதியோர்க்கும் விதவைகட்கும் பங்கு தவறாது. மீனைப் பங்கிடப் பழகியோர் பதவியையும் பங்கிட்டதில் வியப்பில்லை.

இம்முறையிற் குறையே இல்லையெனக் கூறலாகாது. ஓராண்டில் ஒரு பெருங்காரியத்தைத் தொடங்கலாம், முடித்தல் அரிது. தொடங்கியவர் ஒருவர், முடிப்பவர் வேறொருவர் என்றாகும். ஆனால் முந்தைய உலு பதவி முடிந்ததும் வீடு செல்வதில்லை. அறுவருள் ஒருவராய் அக்குழுவிலேயே இருக்கின்றார். நாளைய உலுவும் இன்று அங்கேயே அமர்ந்திருக்கின்றார். ஆதலின் தாம் தொடங்கும் பணியைப் பிறர் தொடருமாறு இணங்கவைத்தே எவரும் தொடங்க வேண்டியவராகின்றார். குறையே ஒருவாறு காவலுமாகின்றது.

அதிகாரம் வந்த வழியும் அறியத்தக்கது. நியூசிலாந்து நியமிக்கும் நிருவாகியிடமிருந்த அதிகாரம் 1994இற் பொதுச்சபைக்கு அளிக்கப்பட்டது. 1996இற் சட்டமியற்றும் உரிமை வந்தது. 2004இல் அதிகாரம் ஊர்ச்சபைகளுக்கே வழங்கப்பட்டு, நாடு முழுவதற்கும் பொதுவான காரியங்களை அவை பொதுச்சபையிடம் ஒப்படைத்தன. எனவே உலுவின் கையிலுள்ள அதிகாரம் அடியிலிருந்து ஏறிவந்ததாகும்.

அடுத்தபடி யாது? நியூசிலாந்துடன் சுதந்திரத் தொடர்புடைய தன்னாட்சி வேண்டுமா என 2006ஆம் ஆண்டு மாசித்திங்களிற் சர்வசன வாக்கெடுப்பு நிகழ்ந்தது. மூன்றிலிரு பங்கு வாக்குத் தேவையென முன்னரே விதித்திருந்தனர். 581 வாக்குகளில் 349 ஆதரவாயின, போதவில்லை. 2007ஆம் ஆண்டு மீண்டும் வாக்கெடுத்தனர். 692 வாக்குகளில் 446 ஆதரவாக விழுந்தன. வேண்டியவை 462. பதினாறு வாக்குகளாற் காரியம் தவறியது!

பெரும்பான்மையோர் விரும்பியும் நிறைவேறாமை சிலர்க்கு வருத்தந் தரலாம். எனினும், மூன்று ஊரும் பெரிதும் ஒருமனப்பட்டாலன்றி மீளமுடியாத அடியை வைப்பதில்லையென விதித்தவர்கள் அவர்களே. தாம் இட்ட விதி தம் விருப்பத்தைத் தடுத்தபோதும், அவ்விதியைத் திருத்தி வெற்றி கொள்ள அவர்கள் முயலவில்லை. கண்டங்களை ஆளும் அரசுகளுக்கும் எளிதில் வாய்க்காத அடக்கம் இது.

தமிழிலே 'முறை' என்னுஞ் சொல் ஒழுங்கையும் குறிக்கும், நீதியையும் குறிக்கும், ஒருவர்பின் ஒருவராய் வருதலையும் குறிக்கும். இம்மூன்று பொருளும் ஒருங்கே பொருந்தும் பதவி டோக்கெலாவின் உலுப் பதவி. எமது கலாசாலையின் சங்கங்களிலே தலைமை ஏற்போர், தமக்குப்பின் அதே நாற்காலியில் அமரப்போகின்றவர் இன்றும் தம் அருகில் இருக்கின்றார் என்பதை நினைந்து கருமமாற்றுவாராயின், அச்சிறு தீவுகளிடமிருந்து நாம் ஒரு பெரும்பாடத்தைக் கற்றவராவோம்.