பிள்ளையின் போக்கு மாறினால் முதலில் எங்கே போவது?



"பையன் யாரிடமும் பேசுவதில்லை, இரவில் தூங்குவதில்லை, கல்லூரிக்கும் போக மாட்டேன் என்கிறான். ஏதாவது ஹோமில் சேர்த்துவிடலாமா?" பெற்றோர் பலர் நம்மிடம் தயக்கத்தோடு கேட்கும் கேள்வி இது. சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள் என்பதே நம் பதில். மகனோ மகளோ இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால், சோம்பல், திமிர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மனச்சோர்வாகவோ போதைப் பழக்கமாகவோ இருக்கலாம்.

முதலில் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை அழையுங்கள். அரசின் இலவச சேவை; 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அடுத்து, மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் தனியே விடாமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

தங்கிச் சிகிச்சை பெற வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அந்த இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையைப் பார்க்க விடாத இடம் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்கிறது.

துஆ செய்யுங்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள்.

மருத்துவமனைக்குத் துணை தேவையென்றால் சொல்லுங்கள், உடன் வருகிறோம். உங்கள் வீட்டு விஷயம் எங்களிடம் அமானிதம்.