பத்மநாபபுரம்: கோட்டைக்குள் ஒரு பழைய தலைநகர்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டரில் தக்கலை. அதை ஒட்டி, வேளிமலை அடிவாரத்தில், கருங்கல் கோட்டைக்குள் இருக்கிறது பத்மநாபபுரம். கோட்டையின் பரப்பு சுமார் 186 ஏக்கர். அதன் நடுவே ஆறரை ஏக்கரில் பரந்திருக்கும் மர அரண்மனையே இந்தச் சிற்றூருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது.

கல்குளம் என்பது ஊரின் பழைய பெயர். அருகிலுள்ள திருவிதாங்கோட்டிலிருந்து ஆண்ட வேணாட்டு மன்னர்கள் 16ஆம் நூற்றாண்டில் தங்கள் இருப்பிடத்தை இங்கே மாற்றிக்கொண்டனர். 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் அரண்மனைப் பணிகளைத் தொடங்கியதாகக் கருதப்படுகிறது. 1729இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா காலத்தில் ஊரின் நிலை உயர்ந்தது. சிறிய வேணாட்டைப் பெரிய திருவிதாங்கூராக விரிவாக்கிய அவர், 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படையைத் தோற்கடித்தார். 1750 ஜனவரியில் திருப்படித்தானம் என்னும் சடங்கின் மூலம் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்து, இறைவனின் அடியவராக ஆட்சி செய்தார். கல்குளம் பத்மநாபபுரம் ஆனதும் அவர் காலத்தில்தான். 1795இல் கார்த்திகைத் திருநாள் இராம வர்மா தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார்.

அரண்மனையில் முதலில் எதிர்ப்படுவது பூமுகம். அதன் மரக்கூரையில் செதுக்கப்பட்ட பூக்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அங்கே தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிலைத்து நிற்கும். மேலே உள்ள மந்திரசாலையில் மன்னர் அமைச்சர்களுடன் ஆலோசனை நடத்தினார். வண்ண அபிரகத் தகடுகள் பதித்த சன்னல்களும் மரச்சட்டங்களும் வெயிலின் கடுமையைத் தடுத்து, காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்புத் தரை சுண்ணாம்பு, எரித்த சிரட்டைக்கரி, முட்டையின் வெள்ளைக்கரு போன்றவற்றைக் கலந்து இழைத்தது என்பர்.

வளாகத்தின் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். நடுமுற்றத்தைச் சுற்றி எழுந்த இந்த நாலுகெட்டு வீட்டில், பலாமரத்தில் நுணுக்கமாகச் செதுக்கிய ஒற்றைத் தூண் தச்சரின் கைத்திறனுக்குச் சான்று. ஊட்டுப்புரையின் இரண்டு தளங்களிலும் தளத்துக்கு ஆயிரம் பேர்வரை உணவு உண்ணலாம். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சாடிகள் இன்றும் அங்கே உள்ளன. மார்த்தாண்ட வர்மா கட்டிய உப்பரிகை மாளிகை நான்கு நிலைகள் கொண்டது. கீழே கருவூலம், அதற்கு மேல் மூலிகை மரங்களால் ஆன கட்டில், உச்சியில் சுவரோவியங்கள் நிறைந்த பூசை அறை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் நாடு என்பதால், கூரைகள் எல்லாம் செங்குத்தாகச் சரிந்து, தண்ணீரைச் சுவரில் படாமல் வெளியே தள்ளுகின்றன.

நவராத்திரி மண்டபத்தை அடுத்துள்ள சரஸ்வதி கோயிலின் அம்மன் கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது மரபு. தலைநகர் மாறினாலும் நவராத்திரி விழா அறுபடவில்லை. ஆண்டுதோறும் உப்பரிகையிலிருந்து உடைவாளைக் கைமாற்றும் சடங்குடன் ஊர்வலம் புறப்படுகிறது. சரஸ்வதி அம்மன், குமாரகோவில் வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் சென்று, விழா முடிந்து திரும்புகின்றனர். கோட்டைக்குள் உள்ள நீலகண்டசுவாமி கோயில், சிவராத்திரியில் பக்தர்கள் ஓடிச்சென்று வழிபடும் பன்னிரு சிவாலயங்களில் ஏழாவது.

இந்தக் கோயில் பணியுடன் தொடர்புடைய அரசு அலுவலர் நீலகண்ட பிள்ளை 1745இல் கிறிஸ்தவம் தழுவி, தேவசகாயம் ஆனார். அவருக்கு அந்த மதத்தை அறிமுகப்படுத்தியவர் டிலனாய். குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைத்தலைவராக உயர்ந்தவர் இவர். தேவசகாயம் 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். 1777இல் மறைந்த டிலனாயின் கல்லறை அருகிலுள்ள புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. அதன் கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் அமைந்தது.

தக்கலையில் சூஃபி ஞானி பீர் முகம்மது அப்பா அடக்கமான தர்காவும் உண்டு. ஒரு சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் மூன்று சமயத்தாரும் போற்றும் இடங்கள் இப்படிச் சேர்ந்து அமைந்திருப்பது இவ்வூரின் தனிப்பெருமை.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. ஆனாலும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறையே. 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் அரண்மனை இடம்பெற்றுள்ளது. திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் காலையிலேயே வருபவர்கள் அரண்மனையை நிதானமாகப் பார்த்துவிட்டு, கோட்டைக் கோயில்களுக்கும் உதயகிரிக்கும் அன்றே சென்று திரும்பலாம்.