கேப்ச்சர் கார்டு வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

காஜாங் – பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ சுவிட்ச் போன்ற கேம் கன்சோல் வைத்திருக்கும் நம் இளைஞர்கள் பலருக்கு, தாங்கள் விளையாடுவதைத் தமிழில் பேசிக்கொண்டே யூடியூப்பில் நேரலையாகக் காட்ட ஆசை உண்டு. அதற்குக் ‘கேப்ச்சர் கார்டு’ வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும்போது, அது அவசியம்தானா என்று பெற்றோர் யோசிக்கிறார்கள். காஜாங்கில் எம்ஆர்டி ஏறி, புக்கிட் பிந்தாங்கில் இறங்கி, லோயாட் பிளாசாவுக்குப் போவதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

கேப்ச்சர் கார்டு என்பது கன்சோலுக்கும் கணினிக்கும் இடையில் நிற்கும் ஒரு சிறு பெட்டி. கன்சோலிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வரும் படத்தை அது இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று தொலைக்காட்சிக்குப் போகிறது. மற்றொன்று யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போகிறது. கணினியில் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் அதைப் பதிவு செய்யும், நேரலையாகவும் அனுப்பும்.

எல்லோருக்கும் தேவையில்லை

பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவற்றிலிருந்து கார்டு இல்லாமலேயே யூடியூப், டுவிட்ச் தளங்களில் நேரலை செய்யலாம். பிளேஸ்டேஷன் 5 ஒரு மணி நேரம் வரை தானே பதிவும் செய்யும். முதலில் இதில் பழகிப் பார்ப்பதே நல்லது. ஆனால் முதல் தலைமுறை சுவிட்ச்சில் கடைசி 30 வினாடிகளை மட்டுமே சேமிக்க முடியும். அதற்குக் கார்டு தேவை. முகம், எழுத்து, படங்கள் ஆகியவற்றை விருப்பம்போல் திரையில் சேர்க்க நினைப்பவர்களுக்கும் கார்டு உதவும்.

பெட்டியின் மேல் ‘4கே’

விலை மலிவான கார்டுகள் பலவற்றில் ‘4கே’ என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் அது உள்ளே வரும் படத்தின் அளவுதான்; பதிவாவது 1080பி மட்டுமே. வினாடிக்கு 60 பிரேம் கொண்ட 1080பி படத்தைச் சுருக்காமல் அனுப்ப ஏறக்குறைய 2 ஜிகாபிட் வேகம் வேண்டும். யூஎஸ்பி 2.0 தருவது 480 மெகாபிட்தான். எனவே யூஎஸ்பி 3.0 உள்ளதா, தொலைக்காட்சிக்குத் தனி எச்டிஎம்ஐ துளை உள்ளதா என்று கடையிலேயே கேட்க வேண்டும். அந்தத் துளை இல்லாவிட்டால் கணினித் திரையைப் பார்த்துத்தான் விளையாட வேண்டும். படம் சற்றுத் தாமதமாக வருவதால் ஆட்டம் கெடும்.

திரை கறுப்பாக இருந்தால்

புதிய கார்டைப் பொருத்தியதும் திரை கறுப்பாகத் தெரிந்தால், கார்டு பழுது என்று முடிவு செய்துவிட வேண்டாம். பிளேஸ்டேஷனில் உள்ள எச்டிசிபி என்ற நகல் தடுப்பு காரணமாக இருக்கலாம். பிளேஸ்டேஷன் 4, 5 அமைப்புகளில் அதை நிறுத்தி வைக்கலாம். படம் பார்க்கும் செயலிகளுக்கு மீண்டும் இயக்க வேண்டும். பழைய பிளேஸ்டேஷன் 3-இல் அதை நிறுத்த வழியில்லை.

இணையமும் வயதும்

நேரலைக்குப் பதிவிறக்க வேகம் முக்கியமல்ல, பதிவேற்ற வேகமே முக்கியம். டுவிட்ச்சில் தெளிவான படத்துக்கு 6 மெகாபிட் வரை ஆகும். அதைவிட இரு மடங்கு இருந்தால் தடங்கல் குறையும். பின்னணியில் சினிமாப் பாடல் ஒலித்தால் பதிப்புரிமைப் புகார் வரக்கூடும்.

2025 ஜூலை 22 முதல், யூடியூப்பில் தனியாக நேரலை செய்ய 16 வயது ஆகியிருக்க வேண்டும். பிள்ளையின் முழுப் பெயர், பள்ளி, வீட்டு முகவரி ஆகியவை திரையிலோ பேச்சிலோ வெளிப்படாமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு. கார்டைப் பிறகும் வாங்கிக்கொள்ளலாம். வெளியே போன விவரத்தைத் திரும்பப் பெற முடியாது.