நிலவழக்கில் முதல் மேல்முறையீட்டின் முக்கியத்துவம்

நிலத்தகராறில் தோற்ற தரப்பினர், கீழ் நீதிமன்றத்தில் எடுபடாத வாதத்தை உயர்நீதிமன்றத்தில் புதிதாக எடுத்துரைக்கலாம் என்று நம்புவது வழக்கமாக இருந்தாலும், 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் அவ்வாறு இடம் தரவில்லை. அதன் 96ஆம் பிரிவு வழங்கும் முதல் மேல்முறையீட்டில்தான், நிலம் யார் அனுபவத்தில் இருந்தது, கிரயப்பத்திரம் உண்மையானதா, எல்லைக்கல் எங்கே நின்றது என்பன போன்ற பொருண்மைகளும் சட்ட வினாக்களும் சேர்ந்து மறுபரிசீலனைக்கு வருகின்றன. முன்சீப் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துச் சார்பு நீதிமன்றத்தில் நடக்கும் இந்த விசாரணையை இடைவழிச் சடங்காகக் கருதுவது பெரும் இழப்பில் முடியக்கூடும்; முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்லா எழுவினாக்களுக்கும் காரணம் கூறி முடிவு காண வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2001இல் ஒரு நிலவழக்கிலேயே வலியுறுத்தியது.

அதற்கு மேல் உள்ள இரண்டாம் மேல்முறையீட்டை 100ஆம் பிரிவு, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், சாரமான சட்ட வினா எழும் வழக்குகளுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. ஓர் ஆவணத்தின் சட்ட விளைவைத் தவறாகப் பொருள்கொள்வது, மெய்ப்பிக்கும் பொறுப்பைத் தவறான தரப்பின்மீது சுமத்துவது, சான்றே இல்லாமல் முடிவுக்கு வருவது ஆகியவை அத்தகைய வினாக்களை எழுப்பக்கூடும்; சாட்சி ஒருவரை நம்பியது சரியா என்ற கேள்வி பொதுவாக அவ்வகையில் சேராது. ஆகவே வரப்பும் வாய்க்காலும் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் முதல் மேல்முறையீட்டோடு முடிந்துவிடுகின்றன.

மேல்முறையீட்டுக்கான காலம் குறுகியது. உயர்நீதிமன்றத்துக்கு 90 நாள், பிற நீதிமன்றங்களுக்கு 30 நாள் என 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் வரையறுத்து, தீர்ப்பாணையின், அதாவது தீர்ப்பின் முடிவை முறைப்படி பதிவு செய்யும் ஆவணத்தின், நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட நாள்களைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. நகல் மனுவை உடனே போடாமல் வீணாக்கிய நாள்களுக்கு அச்சலுகை கிடையாது. தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் 5ஆம் பிரிவின்படி நீதிமன்றம் பொறுத்தருளலாம். நில உரிமை விளம்புகை வழக்கொன்றில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணைக்கு எதிரான மனுவை மீட்க நேர்ந்த 883 நாள் தாமதத்தை மன்னித்த உச்சநீதிமன்றம், தாமதத்தின் நீளத்தைவிட விளக்கத்தின் ஏற்புடைமையே முக்கியம் என்று 1998இல் கூறியது. எனினும் அதை நம்பிக் காலம் கடத்துவது பேராபத்து.

பாகப்பிரிவினை வழக்குகளில் இன்னொரு கண்ணி உள்ளது. இவ்வழக்குகளில் முதலில் பங்குகளை அறிவிக்கும் முதல்நிலைத் தீர்ப்பாணையும், வழக்கறிஞர் ஆணையர் நிலத்தை அளந்து பிரித்த பின் இறுதித் தீர்ப்பாணையும் வருகின்றன. முதலாவதை எதிர்த்து உரிய காலத்தில் மேல்முறையீடு செய்யாதவர், இறுதித் தீர்ப்பாணையை எதிர்க்கும்போது பங்கின் அளவு தவறு என்று வாதிட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 97ஆம் பிரிவு தடை செய்கிறது. 'நிலம் அளக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று காத்திருக்கும் பங்காளிகள், குறிப்பாகச் சகோதரர்களின் வாய்மொழி உறுதியை நம்பும் பெண்கள், இதனால் தம் உரிமையையே இழக்க நேரிடுகிறது. இரு தரப்பின் சம்மதத்தால் பிறந்த தீர்ப்பாணைக்கும் மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கும் மேல்முறையீடு கிடையாது என்பதால், சமரசக் கையெழுத்தும் அதே கவனத்துக்கு உரியது.

மேல்முறையீடு தாக்கலானது மட்டுமே கீழ் நீதிமன்றத் தீர்ப்பாணையை நிறுத்திவைக்காது. தனியே தடையாணை பெறாவிட்டால், வென்றவர் நிறைவேற்று மனு போட்டு நிலத்தைச் சுவாதீனம் எடுக்கலாம். அதே வேளையில், சொத்து மாற்றச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மேல்முறையீட்டுக் காலத்தையும் வழக்கின் தொடர்ச்சியாகவே கொள்வதால், இடையில் அந்நிலத்தை விலைக்கு வாங்குபவர், வழக்கே தெரியாது என்று சொன்னாலும், இறுதி முடிவுக்குக் கட்டுப்பட்டவராகிறார்.