சாலையில் சிறுவரும் சக்கரங்களும்

சிற்றூர்ச் சிறுவர்க்கு முன்பு மிதிவண்டி ஒன்றே ஊர்தியாக இருந்தது. இன்று ஸ்கேட்டிங் காலணியும் சறுக்குப்பலகையும் மின்சார ஸ்கூட்டரும் நம் ஊர்ச் சாலைகளுக்கு வந்துவிட்டன. இவற்றுள் எதற்கு எவ்விதி என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.

ஸ்கேட்டிங் காலணிக்கும் பலகைக்கும் இஞ்சின் இல்லை. ஆகவே, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அவை மோட்டார் வாகனங்கள் ஆகா. லைசென்சும் பதிவும் வேண்டுவதில்லை. அதனால் சாலை விளையாட்டுத் திடல் ஆகிவிடாது. மிதிவண்டிக்கு உள்ளது போன்ற பிரேக்கோ, மணியோ, விளக்கோ இவற்றிற்கு இல்லை. சாலையில் காயவைத்த நெல்மணிகள் சிலவே சிறுவனைச் சாய்த்துவிடும். மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்து ஜன்வார் என்னும் சிற்றூரில் 2015இல் சறுக்குப்பலகைக்கெனத் தனித் திடல் அமைத்தனர். பள்ளிக்குச் செல்லாதார்க்கு இடமில்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம் என்பன அங்குள்ள விதிகள். நம் ஊராட்சிகளும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

மின்சார ஸ்கூட்டர்கள் இரு வகை. மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, பாட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேற்படாததாயின், அது மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. ஏனையவற்றிற்குப் பதிவு, காப்பீடு, லைசென்சு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. விற்பவர் சொல்லை மட்டும் நம்பாமல், சோதனைச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

லைசென்சு பெறும் வயது 18. கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும், பெற்றோரின் எழுத்து மூலமான இசைவுடன், 16 வயதில் பெறலாம். லைசென்சு இல்லாத சிறுவன் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெற்றோர்க்கோ வண்டியின் உரிமையாளர்க்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் நீக்கப்படும். அச்சிறுவன் 25 வயது வரை லைசென்சு பெற இயலாது. பெற்றோரின் இசைவுடனேயே ஓட்டினான் என்று நீதிமன்றம் கொள்ளும். தமக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றான் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு பெற்றோரையே சாரும்.

ஸ்கூட்டரில் ஓட்டுபவர் நீங்கலாக ஒருவரே அமரலாம். இருவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும். கடைக்குச் சென்று வரச் சிறுவனிடம் சாவியைக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கமாகி வருகிறது. சில நிமிட நேரம் மிச்சமாவதற்காக மகனின் உயிரையும் எதிரே வருவோர் உயிரையும் பணயம் வைப்பது தகுமா? மகளிர் மன்றங்களும் இளைஞர் மன்றங்களும் இச்செய்தியை வீடுதோறும் எடுத்துச் சொல்ல முன்வருமாறு வேண்டுகிறோம்.